வம பக்கமும் வலப் பக்கமும்

ஒரு வேட்பாளரின் சிரித்த முகத்தின்மேல் நான் மல்லாந்து படுத்திருந்தேன். தேர்தல் முடிந்தபின் குண்டசாலைச் சந்தியில் கேட்பாரற்றுக் கிடந்த பதாகை அது. தடித்த பிளாஸ்டிக் துணி என்பதால் நிலத்து ஈரம் முதுகில் ஏறாது. அவர் ஊருக்குக் கொடுத்த வாக்குறுதிகளை நிறைவேற்றினாரோ தெரியாது. எனக்கு இரண்டு நாள் பாயாக இருந்தார்.

எனக்கு மேலே என் டொல்பின் வான். வலப் பக்க முன் சில்லைக் கழற்றியாயிற்று. துரு உதிர்ந்து கண்ணில் விழுந்தது. வாயில் எப்படியோ கிறீஸ் ருசி. சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை முற்றத்துக்குக் கொண்டுவந்து போட்டு, காலுக்கு மேல் கால் போட்டபடி என் கணவர் தொலைபேசியைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தது, கொட்டர் பின்னைக் கழட்டோணுமாம்."

"அது எது?"

"நட்டுக்குக் குறுக்கால ஒரு சின்னக் கம்பி போகுமாம். இஞ்சேரும் வதனி, கையைக் கிழிச்சுப்போடாதையும்."

அவர் கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். எங்கள் வீட்டில் வேலைப் பிரிப்பு அப்படித்தான்: வாசிப்பது அவர், கழற்றுவது நான். போன வாரம் வான் வாங்கிய கதையைப் படித்துவிட்டு, "ஓட்டுவது சரி, பழுதானால் என்ன செய்வீர்கள்?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். கேள்விக்கு மரியாதை கொடுத்து, இந்த வாரம் வானுக்கு அடியிலிருந்தே தொடங்கியிருக்கிறேன்.

டொக்

அது இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்பு வந்த ஒரு சித்திரை. நான் வான்காரியாகி ஒரு பாடசாலைத் தவணைதான் ஆகியிருந்தது. திகனப் பக்கத்திலிருந்து பதினொரு பிள்ளைகளை ஏற்றி, தென்னெகும்புரப் பாலம் தாண்டி, கண்டிப் பாடசாலைகளில் இறக்குவது என் வேலை.

தவணையின் கடைசிக் கிழமையில் வான் ஒரு சத்தம் போடத் தொடங்கியது. பள்ளத்தில் இறங்கினால் டொக். வளைவில் திரும்பினால் டொக். "மிஸ், வானுக்கு விக்கல்" என்றது பின் சீட்டு. ஒரு குட்டி தன் தண்ணீர்ப் போத்தலை முன்னால் நீட்டியது, வானுக்குக் கொடுக்கச் சொல்லி. நானும் சேர்ந்து சிரித்தேன்.

பாடசாலை பூட்டிய அன்று பின்னேரம் சுனில் பாஸிடம் கொண்டுபோனேன். சுனில் பாஸ், அதாவது மெக்கானிக் சுனில், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பிரதான வீதியில் சிறிய கராஜ் வைத்திருக்கிறார். இளவயதில் ஹேவாஹெட்ட தோட்டங்களுக்கு லொறி ஓடியவர். அங்கே பழகிய தமிழை என்னோடு பேசுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம். நான் சிங்களத்தில் தொடங்கினாலும் விடமாட்டார்.

கராஜில் கொம்பிரசர் இரைந்துகொண்டிருந்தது. அவர் வானுக்கு அடியில் போய், கம்பியால் சில்லைக் கிளப்பிப் பார்த்து, எழுந்து கையைத் துடைத்தார். அவர் சொன்னதை என் காதில் விழுந்தபடியே எழுதுகிறேன்:

"மிஸ், இந்த வல பக்கம் போல் ஜொயின்ட் முடிஞ்சி. புள்ளைங்கள ஏத்த வேணாம். ஒரு நாளைக்கி சக்கரம் அப்பிடியே படுத்துக்கும்."

போல் ஜொயின்ட் என்பது சில்லை வண்டியோடு பிடித்துவைத்திருக்கும் மூட்டு. நமது இடுப்பு மூட்டு போலத்தான், ஒரு கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை. கிண்ணம் தேய்ந்தால் உருண்டை ஆடும். ஆடி ஆடி ஒரு நாள் கழன்று வரும்.

"அப்ப மாத்தித் தாங்கோ பாஸ்."

"இன்னைக்கி சாமான் இல்ல மிஸ். இனி புது வருஷம் முடிஞ்சி, ஸ்கூல் தொறக்கிற கெழம, புதன்கெழம தான்."

பாடசாலை தொடங்குவது திங்கட்கிழமை.

நெகத்

கண்டியில் சித்திரைப் புத்தாண்டு என்றால் எல்லாவற்றுக்கும் ஒரு நெகத், அதாவது சுபநேரம் உண்டு. அடுப்பு மூட்ட ஒன்று, தலைக்கு எண்ணெய் வைக்க ஒன்று, தொழிலுக்குக் கிளம்ப ஒன்று. அந்தக் கடைசி நேரம் வரும்வரை சுனில் பாஸ் ஒரு ஸ்பானரைக் கூடத் தொடமாட்டார். ஒரு வருடம் அவசரத்துக்குத் தொட்டு, பெருவிரல் நகத்தை இழந்தவர் அவர். அந்த விரலைக் காட்டித்தான் எனக்கு விளக்கம் சொன்னார்.

நான் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. சிரிக்க எனக்கென்ன யோக்கியதை? இதே வானை வாங்கப் போன அன்று ராகுகாலம் கழியட்டும் என்று விற்றவர் வீட்டு வாசலில் ஒன்றரை மணித்தியாலம் நின்றவள் நான். அந்த மனிதர் மூன்று தரம் தேத்தண்ணி தந்தார். அவரவருக்கு அவரவர் நேரம்.

ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் பாஸ் சொன்னது உறைத்தது. சக்கரம் படுத்துக்கும். தென்னெகும்புர வளைவில், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கீழே மகாவலி. அந்தக் கிழமை முழுக்க, பதினொரு பிள்ளைகளோடு, விக்கல் என்று சிரித்துக்கொண்டு அதில் திரும்பியிருக்கிறேன். யாரிடமும் சொல்லாமல் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

வேறு கராஜ் தேடினேன். பாதி பூட்டு. திகனவில் திறந்திருந்த ஒன்றில் வாசல்வரை வாகன வரிசை, வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். மூன்று நாள் வரமாட்டேன் என்று பெற்றோருக்கு அறிவித்துவிடலாம்தான். ஆனால் அந்தப் பாதையில் நீல வான்காரர் ஒருவர் இருந்தார். நான் வந்ததிலிருந்தே, "பொம்பளைக்கு இந்தப் பாதை சரிவராது, வான் பழுதானா என்ன செய்வா?" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். மூன்று நாள் அவர் வானில் ஏறும் பிள்ளை நாலாம் நாள் என்னிடம் வராது.

வெள்ளிக்கிழமை பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. கேட்டது நஸ்ரினா. திகனவில் என் முதல் தரிப்பே அவர் வீட்டு வாசல்தான். "மிஸ், வான் சரியில்லெண்டு சொல்றாங்க. திங்கக்கெழமெ நிச்சயமா வருவீங்களா?"

என் விரல் மூளையைக் கேட்கவில்லை. "ஓம், வருவன்" என்று போட்டுவிட்டேன்.

"உமக்கு விசரே?" என்றார் கணவர். "எப்பிடிப் போவீர்?"

"மாத்திப்போட்டுப் போவன்."

"ஆர் மாத்துறது?"

"நீங்கள் வாசியுங்கோ. நான் மாத்துறன்."

சோடி

திகனவில் ஹனீபா நானாவின் உதிரிப்பாகக் கடை திறந்திருந்தது. ஐம்பது வயதுக்காரர், எந்நேரமும் வாயில் ஒரு கராம்பு. நான் கேட்டதும் கராம்பைக் கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"எந்தப் பக்கம்?"

"வலப் பக்கம்."

"ரெண்டு பக்கத்துக்கும் சாமான் ஒண்டுதான். ஆனா ஒத்தக்கால் மாத்தினா மத்தக்கால் கோவிச்சிக்கொள்ளும். சோடியா மாத்தோணும்."

"ஒண்டு போதும் நானா."

அவர் இரண்டு பெட்டியைப் பையில் போட்டார். "தேவப்படாட்டி திருப்பித் தாங்க. எந்த பாஸ் பூட்டப்போறது?"

"நான்தான்."

கராம்பு கடிபட்ட சத்தம் கேட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்துக் கோபத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் உள்ளே போய், நண்டுக் கால் மாதிரி இரண்டு கொடுக்குள்ள ஓர் இரும்பைக் கொண்டுவந்து வைத்தார்.

"புல்லர். இது இல்லாம கழட்டப்போனா அடிச்சி அடிச்சி கை போகும். வேல முடிஞ்சி தாங்க."

பிறகு பெட்டியைத் திறந்து பாடம் எடுத்தார். புது ஜொயின்ட்டின் தண்டை ஆட்டச் சொன்னார். இரண்டு கையாலும் முறுக்கினாலொழிய அசையவில்லை. "நல்லது இப்பிடித்தான் முரண்டு பிடிக்கும். பழுதானது தலையாட்டும். ஆமா சாமி போடுற ஜொயின்ட்ட நம்பப்படாது."

இரும்பு எனக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நான் சிறுமியாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்பும்போது மட்டும் ஒரு மூடி பெற்றோல் ஊற்றவேண்டும். எங்கள் பெரியப்பாவின் காருக்கு அந்த மூடியை ஊற்றும் பதவி என்னுடையது. ஊற்றிவிட்டு ஓடி ஒளிய வேண்டும், சில வேளை நெருப்புக் கக்கும். ஒரு முறை என் புருவம் கருகியது. அம்மா அழுதார், நான் அடுத்த நாளும் ஊற்றினேன். அந்த வயதிலேயே, வாகனம் தெய்வமில்லை, வெறும் இரும்பு என்று தெரிந்துவிட்டது.

ஆமா சாமி போடாதது

ஆக, சனிக்கிழமை வேட்பாளரின் முகத்துக்குத் திரும்புவோம்.

கொட்டர் பின் துருப்பிடித்து மூன்று துண்டாக வந்தது. நட்டுக்கு ஒரு மணித்தியாலம். கணவர் வாசித்த முறைப்படி, சில்லைத் தாங்கும் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கைக் கொடுத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆர்மை ஒரு முறுக்குக் கம்பி கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும், பிடிக்காமல் மூட்டைக் கழற்றினால் அடித்துத் தள்ளும் என்று அவர் இரண்டு தரம் வாசித்தார். புல்லரைப் பூட்டி இறுக்கினேன். இறுக்கினேன். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு ஜொயின்ட் விடுபட்டது. கணவரின் கதிரை பின்னால் சரிந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு, மூட்டு முழுசாக என் கையில். அதன் ரப்பர் உறை புல்லரில் மாட்டிக் கிழிந்திருந்தது. வெற்றிக் களிப்போடு தண்டைப் பிடித்து ஆட்டினேன்.

ஆடவில்லை.

இரண்டு கையாலும் ஆட்டினேன். முரண்டு பிடித்தது. புதியதைவிட இறுக்கமாக இருந்தது.

"இஞ்சேருங்கோ," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "இது நல்லாத்தானே இருக்குது."

அவர் வாங்கி ஆட்டிப் பார்த்தார். அலுவலகத்தில் கோப்பு விரிக்கும்போது வரும் முகம் அவருக்கு வந்தது.

"பாஸ் சொன்ன சொல்லை அப்பிடியே சொல்லும்."

"வல பக்கம் எண்டவர்."

"வலவோ, வமவோ?"

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

வம என்றால் சிங்களத்தில் இடது. எனக்குத் தெரியாத சொல்லா? தினமும் பொலிஸ்காரர் "வமட்ட கன்ன" என்றால் இடப்பக்கம் ஒதுக்குகிறவள்தானே நான். பாஸ் சிங்களத்தில் பேசியிருந்தால் என் காதுக்கு அது சரியாகக் கேட்டிருக்கும். அவர் எனக்கு மரியாதையாகத் தமிழில் பேசினார். நடுவில் தமிழ்ச் சொல் ஞாபகம் வராமல் ஒரேயொரு சிங்களச் சொல்லைச் செருகினார். நானும் அவருக்கு மரியாதையாகத் தமிழ்க் காதால் கேட்டேன். கொம்பிரசர் இரைச்சலில் வம வலமாகிவிட்டது. இரண்டு பேரின் மரியாதையும் சேர்ந்து என்னை ஒரு நாள் முழுக்க வானின் பிழையான பக்கத்தில் படுக்கவைத்திருந்தது.

அரச ஊழியருக்கான சிங்களப் பரீட்சையில் கணவர் திறமைச் சித்தி பெற்றவர். பத்து வருடமாக அதைச் சொல்லிக்காட்ட ஒரு சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தவர், அன்று சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.

இடப்பக்கச் சில்லின் கீழ் கம்பியைக் கொடுத்துக் கிளப்பினேன். டொக். குழந்தைப்பிள்ளையின் பல் மாதிரி ஆடியது.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எது முந்தியது என்று நினைவில்லை. உறை கிழிந்த பழையதைத் திருப்பிப் பூட்ட முடியாது. புதியதை வலப் பக்கத்தில் பூட்டி, இருட்டுமுன் சில்லைப் போட்டேன். பையில் நானா போட்ட இரண்டாவது பெட்டி இருந்தது. அந்த மனிதர் நூறு வயது வாழவேண்டும்.

கையைக் கட்டிக்கொண்டு வந்தவர்

ஞாயிறு காலை, முதல்நாள் செய்து பழகியவள் என்ற திமிரோடு படுத்தேன். கணவர் வாசிக்கத் தொடங்கினார்.

"வேண்டாம். எல்லாம் எனக்குத் தெரியும்."

கொட்டர் பின் பத்து நிமிடம். நட்டில் ஸ்பானரைப் போட்டு முழுப் பலத்தையும் கொடுக்கப்போன நேரம், வேலிப் பக்கத்திலிருந்து ஓர் அலறல்.

"எபா! எபா! மிஸ், வேணாம்!"

சுனில் பாஸ். புத்தாண்டுக்கு மாத்தளைப் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போனவர் அப்போதுதான் திரும்பியிருந்தார். வெள்ளைச் சட்டையும் புதுச் சாரமுமாக வேலியைத் தாண்டி ஓடிவந்தவர், வானுக்குப் பக்கத்தில் வந்ததும் பிரேக் அடித்த மாதிரி நின்று, இரண்டு கையையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டார்.

"ஜாக் எங்க?" என்று காலால் கீழ் ஆர்மைக் காட்டினார். "அடியில ஜாக் இல்லாம கழட்டினா மூஞ்சி இருக்குமா மிஸ்?"

பார்த்தேன். ஜாக்கைக் கொடுக்க மறந்திருந்தேன். முதல்நாள் இரண்டு தரம் வாசித்துக் காட்டிய அதே விஷயம். கணவரைப் பார்த்தேன். அவர் ஜாக்கை உருட்டித் தந்தார்.

நடந்ததைச் சொன்னபோது பாஸ் அப்படியே குந்திவிட்டார். "ஐயோ மிஸ்! நான் வம சொன்னது! வம!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். துடைக்கக் கையை எடுக்கவும் பயம், அருகிலேயே ஸ்பானர் கிடந்தது. தோளில் துடைத்துக்கொண்டார்.

"பாஸ், நெகத் வரேல்லையே? நீங்கள் போங்கோ, பாவம்."

"நெகத் கைக்குத்தான் மிஸ். வாய்க்கு இல்ல."

அதன்பின் நடந்தது என் வாழ்க்கையில் மறக்க முடியாத இரண்டு மணித்தியாலம். இடப்பக்க மூட்டு அவ்வளவு லேசில் விடவில்லை. புல்லரை இறுக்கி என் உள்ளங்கை கொப்பளித்தது. பாஸ் கக்கத்தில் கையோடு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். அந்தக் கைகள் பட்ட பாட்டைப் பார்த்தால் கல்லும் கரையும். விரல்கள் சட்டைக்குள் தாமாகவே நட்டுக் கழற்றிக்கொண்டிருந்தன.

"புல்லர் அப்பிடியே இருக்கட்டும். இப்ப சுத்தியல் எடுங்க. மேல அடிக்க வேணாம், பக்கத்துல. அந்த வீங்கின இடத்துல. பயந்து அடிக்கக் கூடாது மிஸ். கோவத்தோட அடிங்க."

கோபத்துக்கா பஞ்சம்? நீல வான்காரரை நினைத்து ஒன்று. "பொம்பளைக்குச் சரிவராது" என்றதற்கு ஒன்று. விக்கல் என்று சிரித்த என்னை நினைத்து, இருந்த பலமெல்லாம் கூட்டி இன்னொன்று.

டங்!

விடுபட்டு விழுந்த மூட்டின் தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தொங்கி ஆடியது. நான் கேட்காமலே எல்லாவற்றுக்கும் ஆமா போட்டது. வேலிக்கு அப்பால் கைதட்டல். பாஸின் மனைவி மாலினி, அவர் தங்கைமார், மச்சான்மார், புத்தாண்டுக்கு வந்த சனம் முழுக்க வரிசையாக நின்றது. மாலினி தட்டோடு வந்து, "அனே மிஸ்" என்று கிறீஸ் அப்பிய என் கையைத் தள்ளிவிட்டு, கொக்கிஸ் பலகாரத்தை என் வாயில் ஊட்டிவிட்டார். மொறுமொறுவென்று உடைந்தது. தேங்காய்ப்பாலும் கிறீஸும் கலந்த அந்த ருசியை எந்தக் கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கும் நான் ஈடு சொல்லமாட்டேன்.

புதியதைப் பூட்ட அரை மணித்தியாலம். ஒவ்வொரு நட்டையும் பாஸ் கண்ணாலேயே இறுக்கினார். கொட்டர் பின் வளைந்ததா, கிறீஸ் போனதா என்று முழங்காலில் நின்று பார்த்தார். பிறகு கம்பியைக் கொடுத்து நான் சில்லைக் கிளப்ப, அவர் நிலத்தில் காதை வைத்துக் கேட்டார். புதுச் சட்டை முழுக்க மண்.

"ஹரி, சரி மிஸ்," என்றார். "மெதுவாப் போங்க. வீல் அலைன்மன்ட் புதன்கெழம. என் மொத வேல உங்க வான் தான்."

சொன்னபடியே செய்தார்.

முதல் தரிப்பு

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் திகன முழுக்கப் பனிமூட்டம். நஸ்ரினாவின் வாசலில் நீல வான் எனக்கு முன்னாலேயே நின்றது, எஞ்சினை ஓடவிட்டபடி.

அந்த வாசலில் தோற்றால் மற்றப் பத்து வாசலும் போகும் என்று தெரியும். அதன் பின்னால் நிறுத்தி இறங்கினேன்.

நஸ்ரினா மகளின் கையைப் பிடித்தபடி படலையில் நின்றார். இரண்டு வானையும் பார்த்தார். நீல வான்காரர் கண்ணாடியை இறக்கினார். முஸ்லிம் வழக்கில் தாத்தா என்றால் அக்கா.

"அவங்கட வான் பழுது தாத்தா. கராஜ் ஒண்டும் தொறக்கல்லயே, எப்பிடித் திருத்தியிருப்பாங்க? புள்ளய இதுல ஏத்துங்க."

"உண்மையா மிஸ்?" என்றார் நஸ்ரினா.

"பழுதாத்தான் இருந்தது. சில்லு கழண்டிருக்கக்கூடிய பழுது. போன தவணைக் கடைசிக் கிழமை எனக்குத் தெரியாமல் பிள்ளையளை ஏத்திப்போட்டன், அது என்ர பிழை. இப்ப ரெண்டு பக்கமும் புதுசு."

"யாரு செஞ்ச?"

"நான்தான்."

அவர் நம்பவில்லை. என் கையைப் பிடித்து வானின் வெளிச்சத்தில் திருப்பினார். இரண்டு நாள் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அசையாத கறுப்பு ஒவ்வொரு நகத்தடியிலும் இருந்தது. உள்ளங்கையில் உடைந்த கொப்பளங்கள். கொஞ்ச நேரம் அந்தக் கையை விடாமல் வைத்திருந்தார்.

பிறகு நீல வானுக்குத் திரும்பினார்.

"நீங்க போங்க தம்பி. ஒங்கட வான்ட அடியில என்ன இரிக்கெண்டு நீங்க எப்பவாவது பாத்தீங்களா? இவங்க பூந்து பாத்திரிக்கிறாங்க."

நீல வானின் கண்ணாடி மெதுவாக ஏறியது. பின்வெளிச்சங்கள் பனிக்குள் போய் மறையும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்காமல் இருக்க நான் என்ன முனிவரா?

அன்று பதினொரு வாசலிலும் பதினொரு பிள்ளைகளும் ஏறினார்கள். தென்னெகும்புர வளைவில் கீழே மகாவலி புகைந்துகொண்டிருந்தது. பள்ளத்தில் இறங்கி, வளைந்து, பாலத்தில் ஏறினேன். சில்லுகள் இரண்டும் வாயே திறக்கவில்லை. விடுமுறைக் கதைகளை ஒரே நேரத்தில் சொல்லி, கண்டி வரைக்கும் என் காதைக் கிழித்தது முழுக்க அந்தப் பதினொரு பேரும்தான்.